இடக்கைக்காரர்களுக்குக் கையடக்க கன்சோல் சரிப்படுமா? குறை கன்சோலிலா, பழக்கத்திலா?

பிக்சல்பாண்டி:

போன வாரம் பழைய கன்சோல்கள் பற்றிய இழையில் ரெட்ரோரவி அண்ணன் போகிறபோக்கில் ஒரு வரி எழுதினார்: "கன்சோலை இரண்டு கையாலும்தானே பிடிக்கிறோம், இதில் இடக்கை என்ன, வலக்கை என்ன?" அங்கேயே பதில் சொன்னால் இழை வேறு எங்கோ போய்விடும். அதனால் தனியாக.

பட்டன்கள் மட்டும் இருந்த காலத்துக்கு அவர் சொல்வது பெரும்பாலும் பொருந்தும். 2004-இல் இரண்டு திரையுள்ள நின்டெண்டோ டிஎஸ் வந்த பிறகு பொருந்தாது. கீழ்த்திரையில் ஸ்டைலஸ் என்ற தொடுபேனாவை வைத்துக் குறிபார்க்க எழுதுகிற கைதான் வேண்டும். மற்றக் கை கன்சோலைத் தாங்கிக்கொண்டே ஆளையும் நகர்த்த வேண்டும். வலக்கைக்காரருக்கு மிஞ்சுவது இடது கை. அங்கே ஆளை நகர்த்தும் சிலுவை வடிவ டி-பேட் இருக்கிறது. எனக்கு மிஞ்சுவது வலது கை. அங்கே இருப்பது ஏ, பி, எக்ஸ், ஒய் பட்டன்கள்.

இதைவிட மோசம் 2012-இல் டிஎஸ்ஸின் அடுத்த தலைமுறையான 3டிஎஸ்ஸுக்கு வந்த 'கிட் இகாரஸ்: அப்ரைசிங்'. இடப்பக்கம் உள்ள சர்க்கிள் பேட் என்ற வட்டக் குமிழால் நகர வேண்டும், இடது மேல்விளிம்பில் உள்ள எல் பட்டனால் சுட வேண்டும், ஸ்டைலஸால் குறிபார்க்க வேண்டும், மூன்றும் ஒரே நேரத்தில். பெட்டிக்குள் ஒரு ஸ்டாண்டையே வைத்து விற்றார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இடக்கைக்காரர் என்ன செய்வது? ஏ-பி-எக்ஸ்-ஒய்யை வைத்து ஒப்பேற்றலாம். இல்லையென்றால் சர்க்கிள் பேட் ப்ரோ என்ற துணைக்கருவியைத் தனியாக வாங்கி, அதற்கு ஒரு ஏஏஏ பேட்டரியும் போட்டு, வலப்பக்கத்தில் ஒரு சர்க்கிள் பேடைப் பெறலாம். அதே விளையாட்டு, எனக்கு மட்டும் கூடுதல் விலை.

ரெட்ரோரவி:

தம்பி, நீ எடுத்திருப்பது ஸ்டைலஸ் ராஜ்ஜியம் நடந்த ஒரு காலத்தை. அது முடிந்துபோயிற்று. இப்போதைய கையடக்கக் கருவிகளான ஸ்விட்ச், ஸ்டீம் டெக் எதிலும் ஸ்டைலஸை நம்பி ஆட வேண்டியதில்லை. அந்தக் காலத்திலும் உங்களைக் கண்டுகொள்ளவே இல்லை என்று சொல்ல முடியாது. 'பிரெய்ன் ஏஜ்' ஆடும்போது டிஎஸ்ஸைப் புத்தகம்போல நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். எந்தக் கையால் எழுதுவீர்கள் என்று கேட்டுவிட்டு அதற்கேற்பத் திரையைத் திருப்பிக் கொடுக்கும். 2006-இன் 'மெட்ராய்ட் பிரைம் ஹன்டர்ஸ்' இடது கை ஸ்டைலஸுக்கென்றே ஒரு கட்டுப்பாட்டு முறை வைத்திருந்தது.

அடிப்படைக் கேள்விக்கு வருகிறேன். நுணுக்கமாகத் திசை திருப்புகிற வேலையைச் செய்வது இடது கட்டைவிரல். பத்தில் ஒன்பது பேர் வலக்கைக்காரர்கள். அத்தனை பேரும் வாகில்லாத கையால்தான் மாரியோவை ஓடவிடுகிறார்கள். பார்க்கப்போனால் கன்சோலை உங்களுக்காகச் செய்த மாதிரிதான் இருக்கிறது!

வரலாறு வேண்டுமா? 1977-இன் அடாரி 2600 ஜாய்ஸ்டிக்கில் பட்டன் இடது மேல் மூலையில் இருக்கும். இடது கை அடியைப் பிடித்து பட்டனை அழுத்தும், வலது கை தண்டை ஆட்டும். 1982-இல் நின்டெண்டோவின் 'டாங்கி காங்' கேம் அண்ட் வாட்ச் கையடக்கக் கருவியில், அதன் வடிவமைப்பாளர் குன்பே யோகோயின் டி-பேட் இடப்பக்கம் உட்கார்ந்தது. அதே நிறுவனத்தின் ஃபாமிகாம், கேம் பாய் கன்சோல்கள் எல்லாம் அப்புறம் அந்த வழிதான். உலகமே கை மாற்றிப் பழகிக்கொண்டது.

டீக்கடைடிராகன்:

வலக்கைக்காரன் சீக்கிரம் தோற்றால் காசு அதிகம் விழும், அதற்காகக் காசு போட்டு ஆடும் ஆர்கேட் கடைகளின் முதலாளிகள்தான் ஜாய்ஸ்டிக்கை இடப்பக்கம் மாற்றினார்கள் என்று கேள்விப்பட்டேனே?

ரெட்ரோரவி:

நானும் ரொம்ப நாளாகக் கேள்விப்படுகிறேன். சொன்னவர் யாரும் ஒரு துண்டுச் சீட்டுகூட ஆதாரமாகக் காட்டியதில்லை. விடுங்கள்.

பிக்சல்பாண்டி:

"உங்களுக்காகச் செய்த மாதிரி" என்பது 2டி விளையாட்டு வரைக்கும் சரி அண்ணே. 3டி வந்ததும் வேலை பிரிந்துவிட்டது. கட்டைவிரலால் சாய்க்கும் குமிழ்தான் ஸ்டிக். நடப்பது இடது ஸ்டிக், கேமராவைத் திருப்பிக் குறிவைப்பது வலது ஸ்டிக். நடப்பதற்கு நுணுக்கம் வேண்டாம், முன்னால் தள்ளினால் போதும். குறிவைக்கத்தான் ஒரு மயிரிழை அசைவு வேண்டும். அந்த வேலை இப்போது வலது கட்டைவிரலில். அதனால்தான் பெரிய கன்சோல்களின் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளில் சவுத்பா என்று ஒரு அமைப்பு வைத்தார்கள். இரண்டு ஸ்டிக்குகளின் வேலையும் இடம் மாறிவிடும்.

கையடக்கக் கருவியில் அதைப் போட்டாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஸ்விட்ச்சைக் கையில் எடுத்துப் பாருங்கள். திரையின் இருபுறமும் மாட்டும் கைப்பிடிகளுக்கு ஜாய்-கான் என்று பெயர். இடது ஜாய்-கானில் ஸ்டிக் மேலே, பட்டன்கள் கீழே. வலது ஜாய்-கானில் பட்டன்கள் மேலே, ஸ்டிக் கீழே. சவுத்பா போட்டால் இடைவிடாமல் நடக்க வைக்கும் ஸ்டிக் வலது கையின் அடிப்பகுதிக்கு வந்துவிடும். கட்டைவிரலை மடக்கி, உள்ளங்கையை ஒட்டி இறக்கி, மணிக்கணக்கில் அப்படியே வைத்திருக்க வேண்டும். மென்பொருளில் மாற்றினாலும் பிளாஸ்டிக் மாறாது. சோனியின் கையடக்க பிஎஸ் வீட்டாவில் இந்தத் தொல்லை இல்லை. இரண்டு ஸ்டிக்கும் ஒரே உயரம். ஸ்டீம் டெக்கும் அப்படித்தான்.

ரெட்ரோரவி:

இப்போதுதான் விஷயத்துக்கு வந்திருக்கிறாய். ஆனால் ஸ்விட்ச்சில் அப்படி ஏற்ற இறக்கமாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. பெரும்பாலான விளையாட்டுகளில் அதிகம் தொடுவது இடது ஸ்டிக்கும் வலப்பக்க நாலு பட்டன்களும். அந்த இரண்டும் கட்டைவிரல் இயல்பாக விழும் இடத்தில் இருக்கின்றன. டி-பேடும் வலது ஸ்டிக்கும் கொஞ்சம் கீழே. பத்துப் பேருக்காக மற்ற தொண்ணூறு பேரின் விரலை இடம் மாற்றச் சொல்கிறாயா?

திருப்பிப் பிடிக்கிற கன்சோலையும் ஒருத்தர் செய்து பார்த்தாயிற்று. 1989-இன் அடாரி லிங்க்ஸ். ஏ, பி பட்டன்கள் மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி. கருவியைத் தலைகீழாகப் பிடித்து, திரையில் தெரியும் படத்தையும் திருப்பிக்கொண்டால் டி-பேட் வலது கைக்கு வந்துவிடும். உனக்கென்றே செய்தது! என்ன ஆயிற்று? அதே வருஷம் வந்த கேம் பாய் அதை விழுங்கிவிட்டது.

பிக்சல்பாண்டி:

லிங்க்ஸ் தோற்றது இடக்கைக்காரர்களாலா? ஆறு ஏஏ பேட்டரி கேட்கும், சில மணிநேரத்தில் தீர்த்துவிடும், சட்டைப்பையிலும் அடங்காது. எதிரில் 'டெட்ரிஸ்' வைத்துக்கொண்டு நின்றது கேம் பாய். அதற்கும் இரண்டாவது பட்டன் ஜோடிக்கும் என்ன சம்பந்தம்?

தேன்மொழி:

குறுக்கே வருகிறேன். நான் வலக்கைக்காரிதான். வலது கட்டைவிரல் தசைநாணில் வீக்கம். கொஞ்ச நேரம் ஸ்டிக்கைச் சுழற்றினாலே மணிக்கட்டு வரை இழுக்கும். எனவே நீங்கள் இருவரும் பேசுகிற "இடக்கைப் பிரச்சினை" என் பிரச்சினையும்தான். ரவி அண்ணா சொல்லும் அந்தத் தொண்ணூறு பேரில் என்னைச் சேர்க்க வேண்டாம்.

எனக்கு உதவியது இரண்டு விஷயம். ஒன்று, 2020 ஏப்ரலில் ஸ்விட்ச்சுக்கு வந்த 10.0 மேம்படுத்தல். அதற்குப் பிறகு பட்டன்களின் வேலையைக் கன்சோல் அமைப்பிலேயே மாற்றலாம். அது வருவதற்கு முன்னால், 2017-இல் இருந்து மூன்று வருஷம், விளையாட்டுக்குள் வழி இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. இரண்டாவது, ஸ்டீம் டெக்கின் பின்பக்கத்தில் இருக்கும் நாலு பட்டன்கள். குதிப்பது, அடிப்பது எல்லாவற்றையும் நடுவிரல், மோதிர விரலுக்குத் தள்ளிவிட்டேன். கேமராவைக் கருவியைச் சாய்த்தே திருப்புகிறேன். வலது கட்டைவிரல் இப்போது சும்மா இருக்கிறது.

மாற்றுத்திறனாளிகளுக்காக 2018-இல் எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரும், 2023 டிசம்பரில் பிளேஸ்டேஷன் ஆக்சஸ் கன்ட்ரோலரும் வந்தபோது நிறையப் பாராட்டினார்கள், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் இரண்டும் மேசையிலோ மடியிலோ வைத்து ஆடுவதற்கு. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆடுகிறவளுக்கு அவற்றால் என்ன பயன்?

ரெட்ரோரவி:

தேன்மொழி, உங்கள் வலி வேறு, பாண்டியின் வாதம் வேறு. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டினால் உங்களுக்குத்தான் நஷ்டம். உங்களுக்கு ஒரு விரல் ஒத்துழைக்கவில்லை. அவருக்கு இரண்டு கையும் நன்றாக இருக்கிறது, பழக வேண்டியதுதான் பாக்கி. வடிவமைப்பு மோசமாக இருந்தால் அது எல்லோரையும்தான் படுத்தும். சோனியின் பழைய கையடக்க பிஎஸ்பியில் 'மான்ஸ்டர் ஹன்டர்' ஆடிய எந்த வலக்கைக்காரரையும் கேளுங்கள். வலது ஸ்டிக்கே கிடையாது. இடது கட்டைவிரல் நடக்கும் குமிழில், அதே கையின் ஆள்காட்டி விரல் நகம்போல வளைந்து டி-பேடில், கேமராவுக்காக. அப்போது யாரும் "வலக்கைக்காரருக்கு அநீதி" என்று இழை தொடங்கவில்லை.

தேன்மொழி:

என் நஷ்டக் கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன் அண்ணா. ஒரு நிறுவனம் என் விரலுக்காகத் தனியாகக் கன்சோல் செய்யப்போவதில்லை. பாண்டி மாதிரி பத்தில் ஒருத்தர் கேட்டால் ஒருவேளை ஒரு வசதி வைப்பார்கள், அதில் நானும் தொற்றிக்கொள்வேன். மூட்டையை நான் பிரிக்க மாட்டேன்.

கோட்கண்ணன்:

சின்னச் சின்ன விளையாட்டுகள் எழுதுகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கன்சோல் அமைப்பில் பட்டனை மாற்றினால் அது விளையாட்டுக்குத் தெரியாது. ஏ-யையும் பி-யையும் நீங்கள் மாற்றி வைத்திருப்பீர்கள். திரையில் "ஏ-யை அழுத்து" என்றே வரும். மெதுவாக ஆடும் விளையாட்டில் மனசுக்குள் மொழிபெயர்த்துக்கொள்ளலாம். அரை நொடிக்குள் அழுத்த வேண்டிய இடத்தில் செத்துப்போவீர்கள். எனவே கன்சோலில் வசதி இருக்கிறது என்று சொல்லி எங்களை மாதிரி ஆட்கள் கைகழுவ முடியாது.

முதல் நாளிலிருந்தே "குதி", "சுடு" என்று செயலுக்குப் பெயர் வைத்து எழுதி, எந்தப் பட்டன் என்பதைக் கடைசியில் இணைத்தால் மாற்றுவது சுலபம். நூறு இடத்தில் "ஏ அழுத்தப்பட்டதா" என்று நேரடியாக எழுதிவிட்டு, வெளியிடும் வாரத்தில் இடக்கை வசதி கேட்டால் கண்ணீர்தான் வரும். பெரும்பாலான இடங்களில் நடப்பது இரண்டாவது.

சரியாகச் செய்த ஒருத்தரைச் சொல்கிறேன்: பேனிக் நிறுவனத்தின் பிளேடேட் என்ற கையடக்கக் கருவி, 2022. மஞ்சள் நிறம், வலப்பக்க விளிம்பில் சுழற்றுகிற கிராங்க் என்ற கைப்பிடி. இடக்கைக்காரருக்கு அது இம்சை. அமைப்புகளில் தலைகீழ் என்று ஒன்று இருக்கிறது. அதைத் தேர்ந்துவிட்டுக் கருவியைத் திருப்பினால் கிராங்க் இடது கைக்கு வந்துவிடும். முக்கியமானது, கருவி தலைகீழாக இருக்கிறதா என்று விளையாட்டு கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு கட்டளையும் கொடுத்திருக்கிறார்கள். திரைக் குறிப்பை அதற்கேற்ப மாற்றுவது எழுதுகிறவர் கையில்.

ரெட்ரோரவி:

400க்கு 240 புள்ளி, கறுப்பு வெள்ளைத் திரை, இரண்டு பட்டன். அந்தக் குட்டிப் பெட்டியில் எல்லாம் முடியும். மேல்விளிம்பில் தோள் பட்டன்களும் இரண்டு ஸ்டிக்கும் உள்ள கருவியைத் தலைகீழாகத் திருப்பினால் எதைப் பிடிப்பாய்?

கோட்கண்ணன்:

திருப்ப வேண்டாம். பயனர் இடக்கை என்று ஒருமுறை சொன்னால் கன்சோல் அதை எல்லா விளையாட்டுக்கும் தெரியப்படுத்தட்டும். மொழியை ஒருமுறை தேர்ந்தெடுக்கிறோமே, அந்த அளவு வேலைதான். இப்போது ஒவ்வொரு விளையாட்டிலும் மெனுவைத் தோண்ட வேண்டியிருக்கிறது.

பிக்சல்பாண்டி:

ஸ்விட்ச் 2-இல் இந்தக் கேள்வி இன்னும் சூடாகிவிட்டது. 2025 ஜூனில் வந்தது. இரண்டு ஜாய்-கானையும் பக்கவாட்டில் நிறுத்தி மவுஸ் மாதிரி நகர்த்தலாம். இடது கானிலும் சென்சார் இருக்கிறது. அந்த மட்டில் நின்டெண்டோவுக்கு ஒரு சபாஷ். ஆனால் இடது கையால் மவுஸ் நகர்த்தினால் நடப்பதற்கு மிஞ்சுவது வலது கானின் கீழ் ஸ்டிக். ஸ்டைலஸ் காலத்தில் பட்ட அதே அவதி. முடிந்துபோன கதை என்றாரே அண்ணன்?

ரெட்ரோரவி:

மவுஸை நான் கணக்கில் எடுக்கவில்லை, சரி. ஆனாலும் சொல்கிறேன், ஸ்டிக் உயரத்தை எல்லோருக்கும் மாற்றுவதை நான் ஏற்க மாட்டேன். என் கைக்கு இப்போதிருப்பதுதான் வாகு.

பிக்சல்பாண்டி:

எல்லோருக்கும் மாற்ற வேண்டாம். ஜாய்-கான் கழற்றி மாட்டுகிற பொருள்தானே. ஸ்டிக் மேலே, பட்டன்கள் கீழே உள்ள ஒரு வலது ஜாய்-கான். அதை மட்டும் தனியாக விற்கட்டும். ஹோரி நிறுவனம் டி-பேட் பிரியர்களுக்காக இடது பக்கத்துக்கு ஒன்று செய்து விற்றதே, அதே மாதிரி. உங்கள் கன்சோலை யாரும் தொட மாட்டார்கள்.

ரெட்ரோரவி:

கூடுதல் விலை என்று கிட் இகாரஸுக்கு அழுதாய். இப்போது நீயே துணைக்கருவி கேட்கிறாய்.

பிக்சல்பாண்டி:

இலவசமாகக் கேட்டால் நீங்கள் விடுவீர்களா? பெட்டி வாங்கும்போதே எந்த வலது கான் வேண்டும் என்று கேட்டு அதே விலைக்குக் கொடுத்தால் இன்னும் நல்லது. நிறத்தை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்களே.

தேன்மொழி:

எனக்கு அந்தக் கான் உதவாது, நான் வலது ஸ்டிக்கையே தொடுவதில்லை. என் வோட்டு பின்பக்கப் பட்டனுக்கு. ஸ்விட்ச் 2-இல் ப்ரோ கன்ட்ரோலருக்கு ஜிஎல், ஜிஆர் என்று பின்னால் இரண்டு கொடுத்தார்கள். ஜாய்-கானுக்கு ஏன் கொடுக்கவில்லை என்று யாராவது ஒரு இழை தொடங்குங்கள், அங்கே வருகிறேன்.

ரெட்ரோரவி:

அதை நானே தொடங்குகிறேன். அதில் எனக்கும் கோபம் இருக்கிறது.