அம்மாவின் மறதியும் வைட்டமின் ஈ மாத்திரையும்

யாங்கோனிலிருந்து ஒரு மகள்:
என் அம்மாவுக்கு 72 வயது. கோயில் அன்னதானக் கணக்கை ஏட்டைப் பாராமலே ஒப்பித்தவர், இப்போது பேரன் பெயரைக்கூட யோசித்துத்தான் சொல்கிறார். "இரும்பு துருப்பிடிப்பதைப் போல மூளையும் ஆக்சிஜனால் கெடுகிறது, வைட்டமின் ஈ அதைத் தடுக்கும்" என்று கூறி, மருந்துக் கடைக்காரர் ஒரு புட்டி கொடுத்தார். இது எவ்வளவு தூரம் உண்மை? அம்மாவுக்குத் தொடர்ந்து கொடுக்கலாமா?

மாண்டலே, ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் ஆசிரியர்:
மகளே, துருவைப் பற்றி அவர் சொன்னது ஓரளவு சரிதான். உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, நாம் பயன்படுத்தும் ஆக்சிஜனில் சுமார் 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. செல்லுக்குள் ஆற்றல் உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா என்னும் உறுப்பில் ஆற்றல் உருவாக அது பயன்படும்போது ஒரு சிறு பங்கு, ஃப்ரீ ராடிக்கல் எனப்படும் நிலையற்ற மூலக்கூறுகளாகக் கசிகிறது. நரம்புச் செல்லின் சவ்வில் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் கொழுப்பு மிகுதி. இந்தக் கெடுதியைத் தடுத்துக் காக்கும் நொதிகளுள் ஒன்றான கேட்டலேஸோ, கல்லீரலோடு ஒப்பிட்டால் மூளையில் மிகக் குறைவு. வயது ஏற ஏற மூளையின் சில பகுதிகளில் இரும்பும் சேர்கிறது. இந்தச் சிதைவு மறதியைத் தொடங்கி வைக்கிறதா, ஏற்கெனவே தொடங்கிவிட்ட நோயின் விளைவா என்பதுதான் இன்னும் தீராத வழக்கு. 1956இல் அமெரிக்க அறிவியலாளர் டென்ஹாம் ஹார்மன் முன்வைத்த கருத்து முதுமை முழுவதையும் இதனாலேயே விளக்க முயன்றது. அவ்வளவு தூரம் செல்ல எனக்கு மனமில்லை.

யாங்கோன், மருத்துவர்:
மாத்திரையைப் பற்றி நான் சொல்கிறேன். லேசான நினைவுக் குறைவு உள்ள 769 பேரிடம் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், நாள்தோறும் 2000 யூனிட் வைட்டமின் ஈ மூன்று ஆண்டுகள் உட்கொண்டவர்களிடமும் அல்சைமர் என்னும் கடும் மறதி நோயை நோக்கி நகர்வது குறையவில்லை. அல்சைமர் ஏற்கெனவே உறுதியானவர்களிடம் 2014இல் வெளியான ஆய்வு, அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் சரிவது சற்றுத் தாமதமானதைக் காட்டியது, நினைவாற்றல் மேம்படவில்லை. ஃப்ரீ ராடிக்கல்கள் செல்களுக்குள் செய்தி கடத்தவும் உதவுவதால், அவற்றை முற்றாக அழிப்பது நன்மையென்று கொள்ள முடியாது. அம்மா இரத்தம் உறையாதிருக்க மருந்து ஏதும் எடுக்கிறாரா? புகையிலையோடு வெற்றிலை போடுகிறாரா?

கேட்ட மகள்:
ஆம் ஐயா, இரண்டும் உண்டு. இதய வால்வு அறுவைக்குப் பிறகு வார்ஃபரின் எடுக்கிறார்.

யாங்கோன், மருத்துவர்:
அப்படியானால் புட்டியை இன்றே ஒதுக்கிவையுங்கள். அதிக அளவு வைட்டமின் ஈ வார்ஃபரினோடு சேர்ந்தால் இரத்தக்கசிவு ஏற்படலாம். ஏற்கெனவே சில நாள் கொடுத்திருந்தால் இதய மருத்துவரிடம் சொல்லி, இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையை அம்மாவுக்குச் செய்யுங்கள். அப்படியே வைட்டமின் பி12, தைராய்டு, சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பி12 குறைவாலோ தைராய்டு குறைவாலோ வந்த மறதியென்றால் சிகிச்சையில் தேற வாய்ப்புண்டு. புகையிலையை மெல்ல மெல்ல விடச் செய்யுங்கள்.