15 நிமிஷத்துக்கு 21 லட்சமா? யுஎஃப்சி சம்பளம் நியாயமா, கணக்கு தெரிஞ்சவங்க சொல்லுங்க

மேலமாசி_ஜாப்:

நம்ம மதுரையில ரேஸ்கோர்ஸ் பக்கம், திருநகர் பக்கம்னு பாக்ஸிங், கிக்பாக்ஸிங் பழகுற பசங்க நிறைய பேர் இப்ப எம்எம்ஏ (குத்து, உதை, மல்லுக்கட்டு எல்லாம் கலந்த சண்டை) பக்கம் சாயுறாங்க. எல்லார் வாயிலயும் ஒரே கணக்குதான். எம்எம்ஏ நடத்துற பெரிய அமெரிக்கக் கம்பெனியான யுஎஃப்சிக்குள்ள போயிட்டா முதல் ஃபைட்டுக்கே இறங்குறதுக்கு 12,000 டாலர், ஜெயிச்சா இன்னொரு 12,000. டாலர் 88 ரூபாய்னு வச்சா 21 லட்சம். மூணு ரவுண்டு, ரவுண்டுக்கு 5 நிமிஷம். இதைக் கேட்டா எவனுக்குக் காலேஜுக்குப் போகத் தோணும்?

ஆனா அதே கம்பெனி மேல அங்க வீரர்களே கேஸ் போட்டு 37.5 கோடி டாலருக்கு சமரசம் ஆகியிருக்கு. அள்ளிக் குடுக்கிறவன் மேல ஏன்யா கேஸ்? கைக்கு உண்மையில எவ்வளவு வரும், அது நியாயமான கூலியா, இது ரெண்டும்தான் என் கேள்வி. மெக்ரிகர் மாதிரி பெரிய ஸ்டார் கதை வேணாம். அடிமட்டத்துல இருக்கிறவன் கணக்கு வேணும்.

கேகேநகர்_ஆடிட்டர்:

தம்பி, 21 லட்சம் என்பது ஜெயித்தவனுக்கு, அதுவும் பிடித்தம் எதுவும் போகாமல். டிரா ஆவது அபூர்வம், பெரும்பாலும் இருவரில் ஒருவர் தோற்றே ஆக வேண்டும். அதனால் தோற்றவன் கணக்கை முதலில் போடுவோம்.

இறங்குகிற பணம் 12,000. அதோடு ஸ்பான்சரான வெனம் கம்பெனி உடை போட்டுக்கொண்டு விளம்பர விதிகளுக்குக் கட்டுப்படுவதற்கு, முதல் மூன்று ஃபைட் வரை ஒவ்வொன்றுக்கும் 4,000. ஆக 16,000 டாலர். ஃபைட் அமெரிக்காவில் என்றால், வெளிநாட்டு வீரருக்கு மொத்தத் தொகையில் 30 சதவீதம் அங்கேயே பிடித்துவிடுவார்கள்: 4,800. செலவைக் கழித்துவிட்டுப் பிடிப்பதில்லை, மொத்தத்தின் மேலேயே பிடிப்பார்கள் என்பதைக் கவனிக்கவும். மேனேஜருக்கு 15 சதவீதம், ஜிம்முக்கு 10 சதவீதம் என்று பேசியிருந்தால் 12,000-க்கு 3,000 போகும். மிச்சம் 8,200.

இனி கேம்ப், அதாவது ஃபைட்டுக்கு முந்தைய பயிற்சி முகாம். மதுரையில் ஸ்ட்ரைக்கிங் (குத்து, உதை) பழக ஆள் உண்டு. அதே எடையில், அதே தரத்தில், தரையில் புரண்டு மல்லுக்கட்ட நாலு பேர் கிடைப்பது கஷ்டம். அதனால் பெங்களூரோ தாய்லாந்தோ போய் 8 வாரம் தங்க வேண்டியிருக்கும். ரூம், சாப்பாடு, ஜிம் கட்டணம், பிசியோ, ரத்தப் பரிசோதனை, எம்ஆர்ஐ, கண் பரிசோதனை எல்லாம் சேர்த்துச் சிக்கனமாக 3,000 டாலர் என்று வைப்போம். கம்பெனி புதியவருக்குப் பெரும்பாலும் அவரோடு ஒரு கார்னர் ஆளுக்கு (ரவுண்டு இடைவேளையில் உதவுகிறவர்) மட்டும்தான் டிக்கெட், ரூம் தரும். இரண்டாவது ஆளைக் கூட்டிப்போனால் அது நம் செலவு.

அதைச் சேர்க்காமலே கையில் நிற்பது 5,200 டாலர், ஏறக்குறைய நாலரை லட்சம். ஜெயித்திருந்தால் இதே கணக்கில் 10,600, அதாவது ஒன்பதேகால் லட்சம். ஒரு வீரருக்கு வருஷத்துக்கு இரண்டு, மூன்று ஃபைட் கிடைத்தால் நல்ல வருஷம். தோள்பட்டை கிழிந்தால் ஒன்றுமில்லை.

பிடித்த 30 சதவீதத்தில் ஒரு பகுதியைத் திரும்ப வாங்க வழி இருக்கிறது. அங்கே வரி அடையாள எண் எடுத்து 1040-என்ஆர் படிவத்தில் செலவுகளைக் காட்டினால் ரீஃபண்ட் வரும். பில் இருந்தால்தான். கேம்பில் கைக்காசாகக் கொடுத்து ரசீது வாங்காமல் வருகிற பசங்கள்தான் இதில் அதிகம் இழக்கிறார்கள். இன்னொரு வழி, ஃபைட்டுக்கு முன்பே வரித்துறையோடு ஒப்பந்தம் போட்டு, செலவு போக மிச்சத்துக்கு மட்டும் பிடிக்கச் சொல்வது. அதற்குக் குறைந்தது 45 நாள் முன்னால் விண்ணப்பிக்க வேண்டும். பத்து நாள் நோட்டீஸில் கூப்பிட்டால் அந்தக் கதவு அடைத்துவிடும்.

அபுதாபியில் ஃபைட் என்றால் அங்கே தனிநபர் வருமான வரி கிடையாது. ஆனால் இந்தியாவில் வசிப்பவருக்கு இங்கே வரி உண்டு. வரியே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பிடிவாதம்:

ஆடிட்டர் அண்ணன் கணக்கு சரி. ஆனா அந்த 12 + 12-க்குள்ளயே ஒரு வில்லங்கம் இருக்கு. சம்பளத்துல பாதி நடுவர் கையில.

2024 ஜூன்ல அமெரிக்காவுல லூயிவில்ல பூஜா தோமர் ஜெயிச்சு, யுஎஃப்சியில ஜெயிச்ச முதல் இந்தியர் ஆனாங்க இல்லையா? அது ஸ்ப்ளிட் டெசிஷன். மூணு நடுவர்ல ரெண்டு பேர் இந்தப் பக்கம், ஒருத்தர் அந்தப் பக்கம். ரவுண்டுல முந்துனவருக்கு 10, மத்தவருக்கு 9னு போடுறாங்க. கடைசி 30 விநாடியில ஒரு டேக்டவுன் (எதிராளியைத் தரையில சாய்க்கிறது) விழுந்தா அந்த ரவுண்டே மாறலாம். இந்த மாதிரி ஃபைட்ல ஒரே ஒரு நடுவர் ஒரு ரவுண்டை மாத்திப் போட்டா சம்பளம் சரிபாதி ஆயிடும். வேலை அதே வேலை, வாங்குன அடி அதே அடி. நம்ம ஊர் கொத்தனாருக்கு, ‘சுவர் பக்கத்து வீட்டுச் சுவரைவிட நல்லா இருந்தாத்தான் முழுக் கூலி’ன்னு சொல்லிப் பாருங்க, கரண்டியை வீசிட்டுப் போயிடுவார்.

நியாயமான்னு கேட்டீங்க. டாலரை ரூபாயாக்கிப் பாத்தா பெருசாத்தான் தெரியும். வருமானத்துல வீரர் பங்கு எவ்வளவுன்னு பாக்கணும். அமெரிக்காவுல என்பிஏ (கூடைப்பந்து), என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து) ரெண்டுலயும் வருமானத்துல ஏறக்குறைய பாதி வீரர்களுக்குப் போகுது. யுஎஃப்சியில கேஸ்ல வெளியான கணக்குப்படி 20 சதவீதத்தைத் தாண்டல. வித்தியாசம் எதுனால? அங்க வீரர் சங்கம் இருக்கு, பேரம் பேசி எழுத்துல வாங்குறாங்க. யுஎஃப்சியில எல்லாரும் ‘சுயேச்சை ஒப்பந்தக்காரர்’. ஆனா ஷார்ட்ஸ் எது, ஸ்பான்சர் எவன், வேற எங்க சண்டை போடலாம்ங்கிறதெல்லாம் கம்பெனிதான் முடிவு பண்ணும். பேர்ல மட்டும்தான் சுயேச்சை!

கேஸும் இதைப் பத்திதான். 2014 டிசம்பர்ல யுஎஃப்சியில சண்டை போட்ட குங் லி, நேட் குவாரி, ஜான் ஃபிட்ச் இவங்க போட்டது. நீண்ட ஒப்பந்தம் போட்டும், எதிர் கம்பெனிகளை விலைக்கு வாங்கியும், வீரருக்கு வேற வாசலே இல்லாம பண்ணி கூலியை அமுக்கினாங்கங்கிறது குற்றச்சாட்டு. முதல்ல 33.5 கோடிக்கு ஒரு சமரசம் வந்தது. 2024 ஜூலைல நீதிபதி அதை ஏத்துக்கல. அப்புறம் 37.5 கோடியா ஏத்தி 2025 பிப்ரவரியில முடிஞ்சது. அதுவும் 2010 டிசம்பர்ல இருந்து 2017 ஜூன் வரைக்கும் சண்டை போட்டவங்களுக்கு. அதுக்கப்புறம் வந்தவங்களுக்குத் தனி கேஸ்.

வைகை_கார்னர்:

எல்லாரும் ஒரே பக்கம் தாளம் போட்டா எப்படி? கம்பெனி பக்கமும் பாருங்கய்யா.

பேர் தெரியாத ஒரு பையனை உலகம் பூரா டிவியில காட்டுறது அவங்கதான். லாஸ் வேகாஸ், ஷாங்காய்ல இருக்கிற அவங்க பயிற்சி மையமான பர்ஃபார்மன்ஸ் இன்ஸ்டிட்யூட்ல ஒப்பந்த வீரர்கள் காசு குடுக்காம பயிற்சி, பிசியோ எடுத்துக்கலாம். 2011-ல இருந்து பயிற்சியில காயம்பட்டாலும் விபத்துக் காப்பீடு உண்டு, 50,000 டாலர் வரை. சின்ன கம்பெனில கையில கட்டு போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரி பில்லோட நிக்கிறவனைக் கேட்டா இதோட அருமை தெரியும். ராத்திரி சிறந்த ஃபைட், சிறந்த ஆட்டம்னு குடுக்குற போனஸ் பல வருஷம் 50,000 டாலரா இருந்து 2026-ல ஒரு லட்சம் ஆச்சு. 12,000-க்கு இறங்குறவனுக்கு அது எட்டு மடங்கு.

இதுபோக, எம்எம்ஏ நடத்தி நட்டப்பட்டு மூடுன கம்பெனிகள் எத்தனை? நட்டம் வந்தப்போ எந்த வீரரும் பங்கு கேக்கல.

பிடிவாதம்:

அண்ணே, காப்பீடு, இன்ஸ்டிட்யூட் ரெண்டையும் ஒத்துக்கிறேன். நட்டம்ங்கிற பேச்சு யுஎஃப்சிக்குப் பொருந்தாது. 2016-ல 400 கோடி டாலருக்குக் கைமாறுன கம்பெனி. 2024-ல வருவாய் 140 கோடி டாலர், அதுல வட்டி, வரி, தேய்மானத்துக்கு முன்னால நின்னது 80 கோடிக்குப் பக்கம். 2026-ல இருந்து பாரமவுண்ட்டோட 7 வருஷத்துக்கு 770 கோடி ஒப்பந்தம். நட்டத்துக்குப் பயந்து கூலியைப் பிடிச்சு வைக்கிற நிலைமையா இது?

போனஸும் அப்படித்தான். ஒரு கார்டுல, அதாவது ஒரு நாள் நிகழ்ச்சியில, 24, 26 பேர் இறங்குறாங்க, அந்தப் பெரிய போனஸ் வழக்கமா நாலு பேருக்கு. மத்தவங்களுக்கு அது லாட்டரிச் சீட்டு. அதைச் சம்பளக் கணக்குல சேக்கக் கூடாது.

பாக்ஸிங்கை எடுத்துக்கங்க. அமெரிக்காவுல 2000-ல வந்த முகமது அலி சட்டப்படி, ஒரு ஃபைட்ல எவ்வளவு வருதுன்னு ஃபைட் நடத்துற ப்ரமோட்டர் பாக்ஸருக்குச் சொல்லியாகணும். எம்எம்ஏவுக்கு அந்தச் சட்டம் இல்ல. பிரான்சிஸ் எங்கானூ 2023-ல யுஎஃப்சியை விட்டுட்டு அதே வருஷம் அக்டோபர்ல டைசன் ஃப்யூரியோட பாக்ஸிங் இறங்குனார். ஹெவிவெயிட் சாம்பியனே பெரிய காசுக்கு வேற விளையாட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

கபடி_மேலூர்:

நம்ம பக்கத்து உதாரணம் ஒண்ணு. ப்ரோ கபடி ஏலத்துல கடைசிப் பிரிவான டி-க்கு அடிப்படை விலையே 9 லட்சம், சி-க்கு 13. 2023-ல பவன் செராவத் 2 கோடியே 60 லட்சத்துக்குப் போனார். டி பிரிவுல எடுக்கப்பட்ட பையன் சீசன் பூரா பெஞ்சுல உக்காந்தாலும், டீம் தோத்தாலும் அந்த 9 லட்சம் அவனுக்கு. தங்குறது, சாப்பாடு, கோச் எல்லாம் டீம் தலையில. இளம் வீரர் ஒப்பந்தம் தனி, அது குறைவு.

ஆடிட்டர் அண்ணன் கணக்குல யுஎஃப்சியில வருஷத்துக்கு ஒரு வெற்றி, ஒரு தோல்வினா மிஞ்சுறது 14 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு, இந்திய வரிக்கு முன்னால. கபடியில சுமாரா ஆடுற ஆள் மூளையில அடி வாங்காம ஏறக்குறைய அதைத் தொடுறான். காரணம் ஒண்ணுதான்: ஒரு ரைடரை ஒரே நேரத்துல பல டீம் கேக்குது. ஏலம்னா ஏறும்.

அலங்காநல்லூரை யாரும் இழுக்காதீங்க. வாடிவாசல்ல இறங்குற மாடுபிடி வீரனுக்குக் கூலின்னு பேச்சே கிடையாது, கட்டில், தங்கக்காசு, முதல் ஆளுக்குக் கார்தான். அது வீம்புக்கும் பேருக்கும் இறங்குறது. இவங்க ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டு இறங்குறவங்க.

மேலமாசி_ஜாப்:

தெளிவா புரிஞ்சது, எல்லாருக்கும் நன்றி. இன்னும் ஒண்ணு. யுஎஃப்சி எல்லாம் அப்புறம். இங்க இந்தியாவுல சின்ன ப்ரமோஷன்காரங்க வாட்ஸ்அப்ல பிடிஎஃப் அனுப்பி ‘சாயங்காலத்துக்குள்ள சைன் பண்ணு’ன்னு அவசரப்படுத்துறாங்க. பசங்க எதைப் பாக்கணும்?

பிடிவாதம்:

பணத்தை அப்புறம் பாக்கலாம், முதல்ல எத்தனை ஃபைட், எத்தனை மாசம்னு பாருங்க. ‘3 ஃபைட்’னு மட்டும் போட்டு முடிவுத் தேதி இல்லைன்னா, அவங்க ஃபைட்டே குடுக்காம வருஷக்கணக்குல பிடிச்சு வைக்க முடியும். ‘3 ஃபைட் அல்லது 18 மாசம், எது முதல்ல வருதோ’ன்னு எழுதி வாங்கணும். காயம்பட்டா, ஃபைட்டை மறுத்தா ஒப்பந்த காலம் தானா நீளும்னு ஒரு வரி ஒளிஞ்சிருக்கும். சாம்பியன் ஆனா தானா நீளும்னும் இருக்கும். பெல்ட் வாங்குன அன்னைக்குத்தான் பேரம் பேச பலம் வரும், அந்த வரி அந்தப் பலத்தையே பிடுங்கிடும்.

ஒப்பந்தம் முடிஞ்சப்புறமும், வேற எவனாவது கூப்பிட்டா அதே தொகையைக் குடுத்து நம்மளையே எடுத்துக்கிற உரிமை அவங்களுக்கு இருக்கான்னு பாருங்க. இருந்தா எத்தனை மாசத்துக்குன்னு கேளுங்க.

எதிராளி கடைசி நேரத்துல வரலைன்னா என்ன? எடை காட்டி முடிச்சிருந்தா இறங்குற பணம் உண்டுன்னு எழுத்துல இல்லாட்டி, கேம்ப் செலவு பூரா நம்ம தலையில. நம்ம எடை தாண்டினா வழக்கமா 20-ல இருந்து 30 சதவீதம் வெட்டு, அது எதிராளிக்குப் போகும். 155 பவுண்டு ஃபைட்ல பட்டம் இல்லைன்னா ஒரு பவுண்டு சலுகை உண்டு, பட்டத்துக்கு இல்ல. சித்திரை வெயில்ல சானா சூட் (வியர்க்க வைக்கிற உடை) போட்டு ஓடி எடை குறைக்கிற வேலையை எவனும் பண்ண வேணாம். மயங்கி விழுந்தா பணமும் போச்சு, சிறுநீரகமும் போச்சு.

அப்புறம், ‘வீரர் டிக்கெட் வித்துக் குடுக்கணும்’னு ஒரு வரி இருந்தா அது சம்பளமே இல்ல. சொந்தக்காரங்ககிட்ட வசூல் பண்ணி நம்ம கூலியை நாமே குடுத்துக்கிறோம்.

கேகேநகர்_ஆடிட்டர்:

இதோடு ஒன்று. இந்திய ப்ரமோட்டர் 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்தேன் என்பார். பான் எண்ணைக் கொடுத்துவிட்டு, அது வருமான வரித்துறை தளத்தில் நம் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று காலாண்டு முடிந்ததும் பார்க்க வேண்டும். பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். சம்பளம் பேங்க் வழியாகத்தான் வர வேண்டும், எத்தனை நாளுக்குள் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பிடிஎஃப் வந்தால் கையெழுத்துக்கு 48 மணி நேரம் கேட்கலாம். அதற்குக்கூட மறுக்கிற ஆளிடம் காசு வசூலிக்க எத்தனை முறை நடக்க வேண்டியிருக்கும் என்று பசங்களே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.