ஆய்வுத் தரவை எக்செல் விரிதாளில் கையாளலாமா, கூடாதா? குறிமுறை, நெடுவரிசை, ஆய்வேடு என்ற புனைபெயர்களில் மூவர் பேசுகிறார்கள்.

குறிமுறை:
கூடவே கூடாது என்பேன். கேட்காமலே தரவை மாற்றிவிடுகிறது, மாற்றியதைச் சொல்வதும் இல்லை. மார்ச்1 என்று ஒரு மரபணு, மார்க்1 என்று வேறொன்று. இந்தப் பழைய குறியீடுகளைக் கலத்தில் தட்டினால் இரண்டுமே மார்ச் முதல் தேதி ஆகிவிடும். எது எதுவாக இருந்தது என்று அந்தத் தாளை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. செப்ட்2 என்பதை 2016-இல் தட்டியிருந்தால் உள்ளே பதிவாவது அந்தத் தேதியைக் குறிக்கும் 42615 என்ற எண். பிறகு கலத்தை 'உரை' என்று மாற்றினாலும் 42615தான் நிற்கும், பெயர் திரும்பாது.

மரபணுப் பட்டியலை எக்செல் கோப்பாக இணைத்த கட்டுரைகளில் ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்ததை 2016-இல் ஓர் ஆய்வு காட்டியது. 2021-இல் இன்னும் பெரிய தொகுப்பைப் பார்த்தபோது ஏறக்குறைய 31 விழுக்காடு. 2020-இல் மரபணுக்களுக்குப் பெயரிடும் குழுவே இறங்கிவந்து செப்ட்2-ஐ செப்டின்2 என்றும் மார்ச்1-ஐ மார்ச்எஃப்1 என்றும் மாற்ற வேண்டியதாயிற்று.

நெடுவரிசை:
அது திறக்கும் முறையில் வரும் கோளாறு. சிஎஸ்வி கோப்பை, அதாவது மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்த வெறும் உரைக் கோப்பை, இரட்டைச் சொடுக்கில் திறக்காதீர்கள். வெற்றுத் தாளைத் திறந்து, 'தரவு' பட்டியிலிருந்து கோப்பை இறக்குமதி செய்து, பெயர் நெடுவரிசைக்கு 'உரை' என்று தேர்ந்தெடுத்த பிறகு ஏற்றுங்கள். கையால் தட்டுவதென்றால் முதல் எழுத்துக்கு முன்பே நெடுவரிசை முழுவதையும் உரையாக்கிவிடுங்கள். 2023 முதல் தானியங்கி மாற்றத்தை அணைக்கும் வசதியே இருக்கிறது.

நிரல் மட்டும் யோக்கியமா? நாட்டுக் குறியீடுகள் உள்ள கோப்பை, பைத்தான் நிரல்மொழியின் தரவுக் கருவியான பாண்டாஸில் படித்துப் பாருங்கள். நமீபியாவின் 'என்ஏ' மாயமாகிவிடும், விடுபட்ட மதிப்பு என்று அது எடுத்துக்கொள்கிறது. 00417 என்ற மாதிரி எண் 417 ஆகிவிடும். இங்கேயும் ஒரு எச்சரிக்கை வராது.

குறிமுறை:
வராதுதான். ஆனால் 'எல்லாவற்றையும் எழுத்துச்சரமாகவே படி, என்ஏ-வை வெறுமையாக்காதே' என்று ஒரே வரியில் எழுதிவைக்கலாம். அந்த வரி நிரலோடு எங்கும் போகும். நீங்கள் சொல்லும் 2023 வசதி அந்தந்தக் கணினியில்தான் இருக்கிறது. அடுத்தவர் அதே சிஎஸ்வியைத் திறந்து சேமித்தால் கதை முடிந்தது.

வரிசை எல்லையையும் மறக்க வேண்டாம். எக்செலின் பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பு வடிவம் 65,536 வரிசைக்கு மேல் தாங்காது. 2020-இல் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றாளர்களின் பதிவுகள் உரிய நேரத்தில் கணக்கில் வராமல் போனது அதனால்தான்.

நெடுவரிசை:
2014-இல் வெளியான ஒரு பைத்தான் நிரலைப் பாருங்கள். மூலக்கூறுகளின் வேதிப்பெயர்ச்சியை (காந்த ஒத்ததிர்வுச் சோதனையில் பார்க்கும் அளவு) கணக்கிட வேதியியலாளர்கள் பலர் பயன்படுத்தியது. கோப்புகள் பெயர் வரிசையில் வரும் என்று நம்பி எழுதப்பட்டது. இயங்குதளத்துக்கு இயங்குதளம் அந்த வரிசை மாறும், விடையும் மாறும். 2019-இல்தான் தெரியவந்தது. ஐந்து ஆண்டுகள்!

குறிமுறை:
தெரிந்ததும் கோப்புப் பெயர்களை வரிசைப்படுத்த ஒரு கட்டளை சேர்த்தார்கள், சரியாயிற்று. நிரல் எல்லோர் கண்முன்னும் இருந்ததால் முடிந்தது. எக்செலில் சூத்திரம் கலத்துக்குள் ஒளிந்திருக்கும். பொருளியலாளர்கள் ரெய்ன்ஹார்ட், ரோகோஃப் இருவரின் 2010 அரசுக் கடன் ஆய்வில் சராசரி 49-ஆம் வரிசை வரை போக வேண்டியது, 44-ஓடு நின்றது. ஐந்து நாடுகள் விடுபட்டன. 2013 வரை யாருக்கும் தெரியவில்லை.

நெடுவரிசை:
எப்படித் தெரிந்தது? அவர்கள் அந்தத் தாளைக் கொடுத்ததால்! பிறர் பார்க்கக் கொடுத்தார்களா என்பதுதான் கேள்வி, கருவி எது என்பதல்ல. ஒருவருக்கு மட்டும் புரியும் நிரலைக் குழுவில் வேறு யாரும் சரிபார்க்கப் போவதில்லை.

ஆய்வேடு:
இருவரும் இரண்டு வேலைகளை ஒன்றாக்கிப் பேசுகிறீர்கள். பதிவுக்கு விரிதாள் இருக்கட்டும், கணக்குக்கு வேண்டாம். ஒரு கலத்தில் ஒரே மதிப்பு. அலகு தலைப்பில் மட்டும். சந்தேக மதிப்பை மஞ்சளாக்காமல் 'ஐயம்' என்று தனி நெடுவரிசை வையுங்கள், சிஎஸ்வியாக்கும்போது நிறம் போய்விடும். ஆண்டு, மாதம், நாள் மூன்றும் தனித்தனி நெடுவரிசையில். எக்செல் கோப்புகளில் சில நாள்களை 1900-இலிருந்தும் சில 1904-இலிருந்தும் எண்ணும், ஒன்றிலிருந்து மற்றதற்கு ஒட்டினால் தேதிகள் 1,462 நாள் நகர்ந்துவிடும்.

பதிவு முடிந்த அன்றே சிஎஸ்வியாக்கி, 'படிக்க மட்டும்' என்று பூட்டி, கோப்பின் கைரேகை போன்ற எஸ்ஹெச்ஏ-256 மதிப்பை எடுத்துத் தனியே எழுதிவையுங்கள். ஒரு காற்புள்ளி மாறினாலும் அந்த 64 எழுத்து மதிப்பு வேறாகிவிடும். அதற்குமேல் எல்லாத் திருத்தமும் நிரலில்தான்.

நெடுவரிசை:
பதிவுத் தாளுக்கு இது சரி, ஏற்கிறேன். ஆனால் முதல் வரைபடத்தைப் போட்டுப் பார்க்க விரிதாளை விடமாட்டேன். கருவி பழுதா என்று அங்கேதான் சட்டென்று கண்ணில் படும்.

குறிமுறை:
பிரதியில் போட்டுப் பாருங்கள், பூட்டிய கோப்பில் வேண்டாம். ஆய்வேடு சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும்: மென்பொருள் பதிப்பு எண். ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியின் 3.6.0 பதிப்பில், குலுக்கல் முறையில் மாதிரி எடுக்கும் 'சாம்பிள்' கட்டளையின் உள்முறை மாறியது. குலுக்கலைத் தொடங்கிவைக்கும் அதே விதை எண்ணைக் கொடுத்தாலும் 3.5-இல் வந்த மாதிரிகள் வராது.