ஓலை ஒரே ராத்திரியில துறைமுகம் போகணும், கணக்கு உதைக்குது. உதவி ப்ளீஸ்

தெப்பக்குளம்_வடகரை (இரவு 9:12)
வணக்கம். மாயாஜால நாவல் ஒண்ணு எழுதிட்டிருக்கேன். ஏழாம் அத்தியாயத்துல தூதன் கோட்டைச் சுவர் இறங்கித் தப்பிச்சு, குதிரையில துறைமுகத்துக்கு ஓலை கொண்டு போறான். நடுச்சாமத்துல கிழக்கே பிறைநிலா ஏறும்போது கிளம்புறான். விடியறதுக்குள்ள கப்பல்ல குடுத்தாகணும். தூரம் பதினாலு காதம். படிச்சுப் பார்த்தவங்க "இது நடக்காது"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டாங்க, எங்க தப்புன்னு சொல்லல. நாளைக்கு அத்தியாயத்தை அனுப்பணும். சீக்கிரம் சொல்லுங்க.

கரிசல்தரை (9:20)
தம்பி, பாதியை முழுங்கிட்டுக் கேட்டா எப்படி? எந்த மாசம்? மழையா, வெயிலா? ஒத்தைக் குதிரையா, வழியில மாத்துக் குதிரை உண்டா? நாடு முழுக்கக் கற்பனையா, இல்ல நம்ம ஊரை வச்சுப் பேரை மாத்தினதா?

வைகைமணல் (9:24)
குதிரைக்கு முன்னாடி நிலாவைச் சரி பண்ணுங்க. நடுச்சாமத்துல கிழக்கே பிறை ஏறவே ஏறாது. வளர்பிறைன்னா பொழுது சாயும்போது மேற்குல தெரியும், கொஞ்ச நேரத்துல அதுவும் மறைஞ்சிரும். தேய்பிறையில மெலிஞ்ச பிறை கிழக்கே ஏற விடியக்காலை மூணரை, நாலு ஆயிரும். நடுச்சாமத்துல ஏறுறது தேய்பிறை அஷ்டமி நிலா, அது பாதி வட்டம். பௌர்ணமி நிலான்னா சூரியன் விழும்போதே எழுந்திரும். அதுக்கப்புறம் நாளுக்குச் சராசரியா 50 நிமிஷம் பிந்தும்.

புறாமாடம் (9:31)
எதுக்கு இவ்ளோ பாடு? புறா கால்ல கட்டி விட்டா மணிக்கு 60 கிலோமீட்டருக்குக் குறையாமப் போகும். குதிரையும் வேணாம், நிலாவும் வேணாம்.

ஏட்டுச்சுவடி (9:40)
இந்தக் கேள்வியின் வேர் நிலாவும் அல்ல, குதிரையும் அல்ல. காதம் என்றால் என்னவென்று தெரியாமல் காதம் என்று எழுதியதுதான். அகராதியைப் புரட்டும் பழக்கம் இருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. ஒரு காதம் ஏறத்தாழப் பத்து மைல், அதாவது 16 கிலோமீட்டர். பதினான்கு காதம் 224 கிலோமீட்டர். நடுச்சாமத்துக்கும் விடியலுக்கும் இடையில் இரண்டே சாமம், பதினைந்து நாழிகை, ஆறு மணி நேரம். மணிக்கு 37 கிலோமீட்டர். குதிரை அந்த வேகத்தில் சில கிலோமீட்டர் ஓடும், பிறகு விழும். எழுத வருகிறவர்கள் அடிப்படையையாவது படித்துவிட்டு வரலாம்.

தெப்பக்குளம்_வடகரை (9:52)
தம்பி இல்லண்ணே, தங்கச்சி. நாடு கற்பனைதான், ஆனா மதுரையையும் கொற்கையையும் வச்சுத்தான் வரைபடம் போட்டேன். மேப்புல நேர்கோட்டுல 140 கிலோமீட்டர் காட்டுச்சு, அதைத்தான் காதமா மாத்தினேன். மாசம் சித்திரை மாதிரி, மழை இல்ல. ஒத்தைக் குதிரை.

கரிசல்தரை (10:01)
சரி தங்கச்சி, தப்பு எங்கன்னு பிடிபட்டுருச்சு. காதம்னா பத்து மைல்னு எங்கயோ படிச்சிருக்கீங்க, வகுக்கும்போது பத்து கிலோமீட்டர்னு வகுத்திருக்கீங்க. அதான் 14. பத்து மைல் கணக்குப்படி 140 கிலோமீட்டருக்கு ஒன்பது காதம்கூட முழுசா வராது.

அடுத்தது, நேர்கோட்டுல குதிரை போகாது. திருமங்கலம், சாத்தூர், கோவில்பட்டின்னு மேற்கே சுத்தினா 175ஐத் தாண்டிரும். காரியாபட்டி, அருப்புக்கோட்டை, எட்டயபுரம்னு தெற்கே பிடிச்சா வளைவு நெளிவோட 160ன்னு வைங்க. ரெண்டு வழியும் கரிசல்தான். சித்திரையில கரிசல் பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கும், குளம்பு உள்ள இறங்குற அளவுக்கு விரிசல் இருக்கும். இருட்டுல தடத்தை விட்டு வயல்ல இறக்கினான்னா குதிரைக்குக் கால் போச்சு. அதனால "குறுக்கு வழியில் பாய்ந்தான்"னு எழுதியிருந்தா அடிச்சிருங்க, மாட்டுவண்டித் தடத்துலயே ஓட்டுங்க. வைப்பாறு குறுக்கே வரும். தண்ணி இருக்காது, மணல்தான். ஆனா காஞ்ச மணல்ல இறங்கி ஏறுறது குதிரைக்கு மேடேறுற மாதிரி. அங்க அவன் இறங்கி நடக்கணும்.

ஐப்பசின்னு மாத்திராதீங்க. ஈரக் கரிசல் குளம்புல அப்பிக்கும், நடை பாதியாயிரும்.

ஒற்றைப்பனை (10:09)
குதிரைக் கணக்கை நான் சொல்றேன். நடை மணிக்கு 6 கிலோமீட்டர். துள்ளுநடை 12, 13. நாலுகால் பாய்ச்சல் 40ஐத் தொடும், ஆனா ரெண்டு மூணு கிலோமீட்டருக்கு மேல இழுத்தா மூச்சு வாங்கும். ஒரே குதிரையில நாளைக்கு 40, 50ன்னு போனா மறுநாளும் ஏறலாம். 160ஐ ஒரே ராத்திரியில ஒத்தைக் குதிரையில போறதுன்னா, துறைமுகத்துல குதிரை சாகுற காட்சியும் சேர்த்து எழுதுங்க.

தீவனத்துல நிறைய பேர் கோட்டை விடுறாங்க. கிளம்புறதுக்கு முன்னாடி வயிறு முட்டக் கொள்ளு வச்சு ஓட்டினா வயித்துவலி வந்து பாதி வழியில படுத்துரும். ஊறவச்ச கொள்ளு கொஞ்சமா, ரெண்டு மணி நேரம் முன்னாடியே முடிஞ்சிருக்கணும். தண்ணி சும்மா நிக்கிற குதிரைக்கே நாளைக்கு 25லேருந்து 40 லிட்டர். வெயில் காலத்துல வேர்த்து ஓடினா அதுக்கும் மேல. "ஓடையில் நீர் அருந்தச் செய்தான்"னு ஒரு வரி போதாது, சித்திரையில ஓடை ஏது? கண்மாய்க்கரைக் கிணறு, தொட்டி, இறைச்சு ஊத்த ஒரு ஆள்னு இருக்கணும்.

இன்னொண்ணு. பாண்டிநாட்டுக் குதிரை கடல் வழியா வந்து இறங்கின சரக்கு. 13ஆம் நூற்றாண்டுக் கடைசியில மார்க்கோ போலோ எழுதினதுல, காயல் துறைமுகத்துல வந்து இறங்குற குதிரைங்க வளர்க்கத் தெரியாமலே செத்துப் போகுதுங்கிறார். தூதன் கையில அப்படி ஒரு குதிரை இருக்குன்னா அதோட மதிப்பை அவன் உணர்ந்திருப்பான். சும்மா ஓட்டிச் சாகடிக்க மாட்டான்.

புறாமாடம் (10:13)
நான் சொன்னதை யாரும் கண்டுக்கலையே.

வைகைமணல் (10:15)
கண்டுக்காம இல்லண்ணே. புறா தன் கூட்டுக்குத்தான் திரும்பும். துறைமுகத்துல வளர்ந்த புறாவை முன்னாடியே கோட்டைக்குக் கொண்டு வந்து அடைச்சு வச்சிருக்கணும். ராத்திரியில பறக்காது, எங்கயாவது அடைஞ்சிரும். அது தூக்குறது ஒரு துணுக்குச் சீட்டு. முத்திரை வச்ச ஓலைச்சுருளைக் கட்டினா தரையிலயே உக்காந்துக்கும்.

புறாமாடம் (10:17)
மாயாஜாலக் கதைதானே, ராத்திரி பறக்குற புறான்னு வச்சா என்ன கெட்டுப் போச்சு? இவ்ளோ கணக்குப் பார்த்தா அப்புறம் மாயம் எதுக்கு?

ஏட்டுச்சுவடி (10:26)
இந்தச் சமாதானம்தான் தமிழில் இந்த வகைக் கதைகளைக் கெடுக்கிறது. மாயம் எதைத் தொடுகிறதோ அது மட்டும்தான் மாறலாம். மற்றதெல்லாம் மண்ணில் இருக்க வேண்டும். முதல் அத்தியாயத்தில் சொல்லாத புறா ஏழாம் அத்தியாயத்தில் வந்து கதையைக் காப்பாற்றினால் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார்.

மாசிவீதி_ராந்தல் (10:31)
ஏட்டுச்சுவடி ஐயா, கருத்து சரி. ஆனா உங்க காதமும் கல்லுல வெட்டினது இல்லையே. 12 விரல் ஒரு சாண், ரெண்டு சாண் ஒரு முழம், நாலு முழம் ஒரு கோல், 500 கோல் ஒரு கூப்பிடு, நாலு கூப்பிடு ஒரு காதம். இப்படிப் பெருக்கினா காதம் 3.7 கிலோமீட்டர்கிட்டதான் வருது. பத்து மைல் எங்க இருக்கு?

ஏட்டுச்சுவடி (10:38)
வாய்பாட்டைப் பெருக்கினால் போதுமா? வழக்கு என்று ஒன்று உண்டு. ஏழு நாழிகை வழி ஒரு காதம் என்பார்கள். ஏழு நாழிகை என்பது 168 நிமிடம். 3.7 கிலோமீட்டர் நடக்க யாருக்கு மூன்று மணி நேரம் ஆகும்?

மாசிவீதி_ராந்தல் (10:44)
அதே 168 நிமிஷத்துல 16 கிலோமீட்டர்னா மணிக்குக் கிட்டத்தட்ட ஆறு ஆகுது. மூட்டையோட நடக்கிறவன் அந்த வேகத்துல போவானா? மணிக்கு நாலரைன்னு வச்சா 12, 13தான் வருது. கோலும் ஒரே அளவு இல்ல. சோழர் கல்வெட்டுல பன்னிரு சாண் கோல் இருக்கு, பதினாறு சாண் கோல் இருக்கு. பதினாறு சாண் கோலை வச்சுப் பாருங்க, காதம் 7 கிலோமீட்டரைத் தாண்டும்.

ஏட்டுச்சுவடி (10:49)
அவை நிலம் அளந்த கோல்கள். வழி அளந்தவை அல்ல. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

மாசிவீதி_ராந்தல் (10:52)
வழி அளக்குற கோல் தனியா இருந்துச்சுன்னு கல்வெட்டு காட்டுங்க, ஒத்துக்கிறேன்.

கரிசல்தரை (10:55)
ரெண்டு பேரும் தனி இழை போட்டுச் சண்டை போடுங்கப்பா. அந்தப் பிள்ளை நாளைக்கு அனுப்பணுமாம். தங்கச்சி, கதையில திருவிழா ஏதும் வருதா? பௌர்ணமி எந்த அத்தியாயம்?

தெப்பக்குளம்_வடகரை (11:03)
ஆமாண்ணே, அஞ்சாம் அத்தியாயத்துல சாமி ஆத்துல இறங்குது. பௌர்ணமி அன்னைக்கு. அதுக்கப்புறம் நாலாம் நாள்தான் இவன் தப்பிக்கிறான். சொல்ல மறந்துட்டேன்.

வைகைமணல் (11:12)
இதை மொதல்லயே சொல்லியிருந்தா பாதி இழை மிச்சம். பௌர்ணமிக்கு நாலாம் நாள்னா தேய்பிறை சதுர்த்தி. வீட்டுல சங்கடஹர சதுர்த்தி விரதம் இருக்கிறவங்களைக் கேளுங்க, நிலா பார்த்துட்டுச் சாப்பிட ஒன்பது, ஒன்பதரை ஆயிரும். உங்க காட்சிக்கு இது தோதான நிலா. பொழுது அடைஞ்சதுலேருந்து ரெண்டரை மணி நேரம் நல்ல இருட்டு, அதுல சுவர் இறங்கலாம். அப்புறம் முக்கால்வாசிக்கு மேல வட்டமா நிலா ஏறி விடியுற வரைக்கும் நிக்கும். நடுச்சாமத்தை விட்டுட்டு அந்தி முடிஞ்சதும் கிளப்புங்க.

ஒற்றைப்பனை (11:25)
அப்ப கணக்கு இப்படி வரும். ஆறே முக்காலுக்குக் கிளம்புறான். ஒன்பதே கால் வரைக்கும் இருட்டு, நடையிலதான் போகணும், 15 கிலோமீட்டர். மிச்சம் 145. நிலா வெளிச்சத்துல பழகின தடம்னா மாத்துக் குதிரையோட சராசரி மணிக்கு 14 வைக்கலாம், ஏறக்குறைய பத்தரை மணி நேரம். காலையில எட்டு மணி சுமாருக்குத் துறைமுகம். 20 கிலோமீட்டருக்கு ஒரு மாத்துன்னா கிளம்புற குதிரையோட எட்டு குதிரை, ஏழு இடம். அந்த ஏழு இடத்துல குதிரை கட்டி வச்சது யாருன்னு முன்னாடி அத்தியாயத்துல விதைச்சிருங்க. வணிகர் சாத்து, அதாவது வணிகக் கூட்டம், தங்குற தாவளம்னு ரெண்டு மூணு வந்தா போதும், மிச்சத்தை ஒரு வரியில தாண்டலாம்.

கரிசல்தரை (11:34)
விடியறதுக்குள்ளன்னு ஏன் வச்சீங்க? கப்பல் கிளம்புதுன்னா? அப்படின்னா எட்டு மணியும் பொருந்தும். ராத்திரியில தரை சீக்கிரம் குளிரும், காத்து கரையிலேருந்து கடலுக்கு வீசும். பாய்மரம் அதைப் பிடிச்சுத்தான் வெளிய போகும். வெயில் ஏறித் தரை காயக் காய அந்தக் காத்து செத்து, கடல்காத்து எதுத்து வரும். கப்பல்காரன் பாயை அவிழ்த்துக்கிட்டு "இன்னும் கொஞ்ச நேரம்தான் காத்து நிக்கும்"னு கத்துறான்னு வைங்க. இவன் அப்ப வந்து சேரட்டும்.

இன்னொண்ணு, இன்னைக்குக் கொற்கை கடலை விட்டுச் சில கிலோமீட்டர் உள்ள இருக்கு. அன்னைக்குக் கரையில இருந்துச்சு. இப்ப உள்ள மேப்பை அப்படியே வச்சு அலை சத்தம் கேக்குதுன்னு எழுதினா எவனாவது பிடிச்சுக்குவான்.

புறாமாடம் (11:38)
குன்று குன்றா தீ மூட்டினா? நூறு மீட்டர் உயரக் குன்றுலேருந்து 36 கிலோமீட்டர் வரைக்கும் தெரியும்ல?

வைகைமணல் (11:41)
தெரியும்ண்ணே. ஆனா தீ "ஆமா, இல்ல"ன்னுதான் சொல்லும். ஓலையைப் படிச்சுக் காட்டாது. அருப்புக்கோட்டைக்குத் தெக்க வழி நெடுக நூறு மீட்டருக்குக் குன்றை எங்க தேடுறது?

ஏட்டுச்சுவடி (11:50)
எல்லோரும் காதத்தை மறந்துவிட்டீர்கள். ஒன்பது காதம் என்று திருத்தவும்.

மாசிவீதி_ராந்தல் (11:53)
ஒன்பதுன்னும் போடாதீங்க, வேற ஒருத்தர் முப்பத்தெட்டுன்னு வருவாரு. தூரத்தையே சொல்லாம "மூன்று சாமம் கடந்தும் பாதி வழிதான்"னு நேரத்துல சொல்லுங்க.

ஏட்டுச்சுவடி (11:55)
மூன்று சாமம் கடந்தால் பாதி வழியைத் தாண்டியிருப்பான். பெருக்கிப் பார்க்கவும்.

தெப்பக்குளம்_வடகரை (காலை 6:40)
சதுர்த்தியாக்கிட்டேன், அந்தியில கிளம்புறான். காதம் போச்சு. எட்டு குதிரைக்கு இடமில்ல, துறைமுகத்தை 60 கிலோமீட்டர் வடக்கே இழுத்துட்டேன், நாலு குதிரைதான். அனுப்பியாச்சு. நன்றி எல்லாருக்கும்.

கரிசல்தரை (7:15)
60 வடக்கேன்னா வைப்பாறு வருமா வராதா? அந்த மணல்ல நடக்கிற காட்சியை எடுத்தீங்களா?

ஒற்றைப்பனை (7:22)
நாலு குதிரைன்னா 25 கிலோமீட்டருக்கு ஒண்ணு, தாங்கும். ஆனா 100 கிலோமீட்டர்னா மூணரைக்கே போய்ச் சேர்ந்துருவானே. கப்பல்காரன் அப்ப தூங்கிட்டிருப்பான்.