'அவுட்ஸ்': வெல்சீட்டா, தேறுசீட்டா?

கும்பகோணம் ஆசிரியர்:
வணக்கம். பதினொன்றாம் வகுப்புக்கு நிகழ்தகவு நடத்தப் போக்கர் சீட்டை எடுத்திருக்கிறேன், திங்கட்கிழமை குறிப்பை நகலெடுக்கக் கொடுக்க வேண்டும். கையில் இரண்டு ஆர்ட்டின் (சிவப்பு இதயம் போட்ட சீட்டு), மேசையில் திறந்த மூன்றில் இரண்டு ஆர்ட்டின். இன்னும் ஒன்று வந்தால் ஐந்தும் ஒரே இனமாகிக் கை பலமாகிவிடும். பார்க்காத சீட்டு 47, அதில் ஆர்ட்டின் 9. இந்த ஒன்பதைத்தான் ஆட்டக்காரர்கள் 'அவுட்ஸ்' என்கிறார்கள். தமிழில் என்ன சொல்ல? 'ஆட்ஸ்' இன்னொரு தலைவலி. அடுத்த சீட்டு ஆர்ட்டினாக வர நிகழ்தகவு 9/47, ஆட்ஸ், அதாவது வராத சீட்டுக்கும் வரும் சீட்டுக்கும் உள்ள விகிதம், 38-க்கு 9. இரண்டையும் 'வாய்ப்பு' என்று எழுதினால் பாதி வகுப்பு 9/38 என்று போட்டுவிடும்.

மயிலாடுதுறை புலவர்:
தம்பி, 'வெல்சீட்டு' போதும். வென்ற, வெல்கின்ற, வெல்லும் என்று முக்காலமும் அடங்கிய வினைத்தொகை, ஊறுகாய் மாதிரி. ஆட்ஸுக்கு 'சாதக விகிதம்' என்று யாராவது கிளம்பி வருவார்கள், இரண்டுமே வடசொல், ஜோசியர் நினைப்பு வேறு வரும். 'வெல்தகை', 'தோல்தகை' என்று வையுங்கள். 'ஒன்றெய்தி நூறிழக்கும்' என்று வள்ளுவர் அன்றைக்கே ஆட்ஸ் போட்டுவிட்டார், அதற்கு மேல் பள்ளிக்கூடத்தில் சூது எதற்கு என்பது வேறு கேள்வி. அப்புறம், ஆர்ட்டின் மட்டும் தமிழா?

நாகப்பட்டினத்திலிருந்து:
ஐயா, ஆர்ட்டின் தமிழ் இல்லை, ஆங்கிலமும் இல்லை. டச்சில் அது ஹார்ட்டன். ஆங்கிலேயன் 'கிளப்' என்பதை நாம் 'கிளாவர்' என்கிறோமே, டச்சில் அது கிளாவரன். 1658 முதல் 1781 வரை எங்கள் ஊர் டச்சுக்காரர் கையில் இருந்தது, சீட்டுக்கட்டு இந்தத் துறைமுகத்தில்தான் இறங்கியிருக்கும் என்பது என் ஊகம் (இலங்கையிலும் இருந்தார்களே என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள்). இத்தனை காலம் புழங்குவதைத் தமிழ் தாங்கும்போது 'அவுட்'டையும் தாங்கும். தோல்தகை என்றால் பிள்ளைகள் தோல் வியாதி என்பார்கள்.

மன்னார்குடியிலிருந்து:
வெல்சீட்டு இலக்கணப்படி சரி ஐயா, ஆனால் பொருள் தப்பு. ஒன்பதில் ஒன்று வந்தாலே ஜெயித்ததாகாது. எதிராளியிடம் இதைவிடப் பெரிய ஆர்ட்டின் இருக்கலாம், வந்த அதே சீட்டு மேசையில் ஜோடி சேர்ந்து அவனுக்கு ஃபுல் ஹவுஸ் (ஒரே எண்ணில் மூன்று, இன்னொரு எண்ணில் இரண்டு, உங்கள் ஐந்து ஆர்ட்டினைவிடப் பெரியது) கொடுத்துவிடலாம். எங்கள் பக்கம் ஜூன் 12-இல் மேட்டூர் திறக்காத வருஷம் 'பயிர் தேறுமா' என்றுதான் கேட்பார்கள், திறந்தாலும் தண்ணீர் கடைமடைக்கு வந்தால்தான் உண்டு. ஆகவே 'தேறுசீட்டு', அதுவும் வினைத்தொகைதான்.

'பாட் ஆட்ஸ்' (நடுவில் குவிந்த பணத்துக்கும் நீங்கள் போட வேண்டியதற்கும் உள்ள விகிதம்) யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். எதிராளி கட்டியதையும் சேர்த்து நடுவில் 300 ரூபாய், நீங்கள் 100 போட வேண்டும் என்றால் உங்களுக்கு 25 விழுக்காடு தேறினால் கணக்கு நேர். இன்னும் இரண்டு சீட்டு வர வேண்டியிருந்தால் ஒன்பதை நான்கால் பெருக்கு, தேறும் வாய்ப்பு சுமார் 36 விழுக்காடு. துல்லியமாகப் போட்டால் 35. மேற்கொண்டு பந்தயம் ஏறாது என்றால் தாராளமாகப் போடலாம். இதைப் 'பானை விகிதம்' என்று எழுதிவிடாதீர்கள். களத்தில் தூற்றிக் குவித்த நெல்லுக்குப் 'பொலி' என்று பெயர் இருக்கிறது, நடுவில் குவிந்த பணமும் பொலிதானே?

கும்பகோணம் ஆசிரியர்:
நகல் எடுத்தாகிவிட்டது. தலைப்பில் 'அவுட்', உள்ளே 'தேறுசீட்டு'. ஆட்ஸுக்குச் சொல்லே வைக்கவில்லை, 'வராதது 38, வருவது 9' என்று எழுதிவிட்டேன். பொலி அழகுதான் அண்ணே, ஆனால் களமே பார்க்காத பிள்ளைகள்.

மயிலாடுதுறை புலவர்:
தேறுதல் என்றால் பரீட்சையில் தேறுவது. வெல்சீட்டுதான் சரி. நாளை விரிவாக எழுதுகிறேன்.