தேடு கண்காணிப்பு, பெறு கண்காணிப்பு: இழையில் எழுந்த கேள்விகளுக்குப் பதில்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கான பயிற்சிக் கையேட்டில், உணவுவழி பரவும் வயிற்றுப்போக்குக் கிருமிகளைப் பற்றிய பகுதி இங்கே வேலூரில் தயாராகி வருகிறது. நோய் எங்கே, எவ்வளவு பரவுகிறது என்று தொடர்ந்து கவனிக்கும் 'சர்வெய்லன்ஸ்' என்பதற்குக் 'கண்காணிப்பு' என்ற சொல்லில் எங்களுக்குள் தகராறு இல்லை. ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2004-இல் தொடங்கியதிலிருந்து அது துறைக்குள் ஊன்றிவிட்டது. ஆக்டிவ், பாசிவ் என்ற அதன் இரண்டு வகைகளுக்குப் பெயர் வைப்பதில்தான் சிக்கல். இந்த இழையில் அதிக ஆதரவு பெற்றவை 'செயல்முனைக் கண்காணிப்பு', 'செயலற்ற கண்காணிப்பு' இரண்டும். இவற்றில் பின்னதை என்னால் ஏற்கவே முடியவில்லை. அதற்கான காரணம் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது.

1980-களில், வேலூரும் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் ஒரே வட ஆற்காடாக இருந்த காலத்தில், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) பேராசிரியர் ஜேக்கப் ஜானும் அவருடைய குழுவினரும் 'நதி' என்ற திட்டத்தை நடத்தினார்கள். 'வட ஆற்காடு மாவட்ட சுகாதாரத் தகவல்' என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்து வந்த பெயர் அது. கருவி என்று பார்த்தால் அச்சடித்த அஞ்சலட்டைதான். காலரா, டைபாய்டு, தட்டம்மை மாதிரி பட்டியலில் உள்ள நோயைக் கண்ட மருத்துவர், அரசு மருத்துவமனையில் இருந்தாலும் தனியாரிடம் இருந்தாலும், அட்டையை நிரப்பித் தபாலில் போடுவார். அட்டைகள் ஒரே பக்கத்திலிருந்து குவிந்தால் விசாரிக்க ஆள் போகும். திரட்டிய செய்தி, மாத இதழாக அதே மருத்துவர்களுக்குத் திரும்பி வரும். 1998-இல் லான்செட் மருத்துவ இதழில் இதை வளரும் நாடுகளுக்கான முன்மாதிரி என்று எழுதினார்கள். அடுத்த ஆண்டே கேரளத்தில் கோட்டயம் மாவட்டம் இந்த வழியை எடுத்துக்கொண்டது.

பாடநூல் வகைப்படி இது பாசிவ். மருத்துவர் தானாக அனுப்ப, தகவல் திரட்டும் மையம் வாங்கிக்கொள்கிறது. இதைச் செயலற்றது என்று எழுத எப்படிக் கை வரும்? தவறாமல் படிவம் நிரப்பி அனுப்பும் ஆரம்ப சுகாதார நிலையத்து ஊழியரிடம் "உங்கள் வேலைக்குச் செயலற்ற கண்காணிப்பு என்று பெயர்" என்று சொன்னால், அடுத்த படிவம் ஒழுங்காக வருமா?

இரண்டு வகையிலும் செயல் இருக்கிறது. முதல் அடியை யார் எடுத்து வைக்கிறார் என்பதில்தான் வேறுபாடு. தகவல் இருக்கும் இடத்துக்கு மையமே போனால் அது தேடு கண்காணிப்பு. தகவல் தன்னிடம் வர, மையம் வாங்கிக்கொண்டால் அது பெறு கண்காணிப்பு. ஊறுகாய், சுடுசோறு போல இரண்டும் வினைத்தொகை. அதனால் நடுவில் 'க்' மிகாது. மெய்ப்பு பார்ப்பவர்கள் அருள்கூர்ந்து சேர்த்துவிட வேண்டாம்.

தேடு கண்காணிப்புக்கும் வேலூரிலேயே சான்று உண்டு. 2017 முதல் 2020 வரை டெல்லி, கொல்கத்தா, புனே, வேலூர் ஆகிய இடங்களில் குழந்தைகளை வாராவாரம் தொடர்புகொண்டு, காய்ச்சல் இருந்தால் ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்த்தார்கள். வேலூரில் டைபாய்டு ஆண்டுக்கு லட்சம் குழந்தைகளில் ஆயிரத்துக்கும் மேல் என்று தெரிந்தது. மருத்துவமனைக்கு வருகிறவர்களை மட்டும் எண்ணியிருந்தால் இந்த அளவு கண்ணில் பட்டிருக்காது. அமெரிக்காவில் 1996 முதல் இயங்கும் ஃபுட்நெட் என்ற கண்காணிப்பு வலையமைப்பும் இதே வகை. ஆய்வகம் அனுப்பட்டும் என்று உட்கார்ந்திராமல், பணியாளர்களே ஆய்வகங்களைத் தொடர்ந்து கேட்டு, உணவுவழி பரவும் சால்மொனெல்லா போன்ற கிருமிகளைக் கணக்கெடுக்கிறார்கள்.

இனி, வந்த கேள்விகள்.

> 'பெறு' என்றதும் செவிலியருக்குப் பிள்ளைப்பேறு நினைவுக்கு வராதா?

கர்ப்பிணிகளோடே நாள் முழுக்கப் பழகுகிறவர்கள் என்பதால் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அனுப்புநர், பெறுநர் என்று எழுதாத கடிதம் எந்த அலுவலகத்திலும் இல்லை. படிவம் அனுப்புகிறவரின் காதில் 'பெறு' அந்தப் பொருளில்தான் விழும்.

> 'துப்பறி கண்காணிப்பு' இன்னும் விறுவிறுப்பாக இருக்குமே?

விறுவிறுப்பு இருக்கும், கூடவே பயமும் வரும். கல்யாண விருந்து சாப்பிட்டு நாற்பது பேருக்கு வாந்திபேதி என்றால், சமையல்காரர் வாயைத் திறந்து பேசினால்தான் காரணம் தெரியும். துப்பறிய வந்திருக்கிறோம் என்றால் மிச்சமிருக்கும் சாம்பாரைக் கொட்டிவிடுவார்; பரிசோதிக்க மாதிரியே கிடைக்காது.

> ஆய்வகத்தில் தேடினால் எல்லாம் கிடைத்துவிடுமா?

கிடைக்காது. இதைக் கையேட்டில் விரிவாகவே எழுத வேண்டும். சீதபேதி உண்டாக்கும் ஷிகெல்லா மலத்தில் சீக்கிரம் செத்துவிடும். மாதிரியை உடனே, வழியில் கிருமி சாகாமல் காக்கும் கேரி-பிளேர் ஊடகத்தில் வைத்துக் குளிர்ச்சியாக அனுப்பாவிட்டால், சீதபேதி வந்தவரிடமே கிருமி இல்லை என்று முடிவு வரும். வயிற்றுப்போக்கு உண்டாக்கும் இன்னொரு கிருமியான கேம்பைலோபாக்டருக்கு ஆக்சிஜன் குறைந்த சூழலும் 42 டிகிரி வெப்பமும் வேண்டும். வழக்கமான 37 டிகிரிப் பெட்டியில் சாதாரணக் காற்றில் வைத்தால் கிருமி வளர்க்கும் தட்டு வெறுமையாகவே இருக்கும். ஆகவே 'கிருமி இல்லை' என்று எழுதாமல் 'கிருமி வளரவில்லை' என்று எழுதும்படி கேட்டிருக்கிறேன். படிக்கிறவருக்கு இது பெரிய வித்தியாசம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாக்டீரியாவைப் பாக்டீரியா என்றே எழுதலாம். நுண்ணுயிரி என்றால் வைரஸும் சேர்ந்துவிடும். 'உணவுவழி நோய்' சரி. 'பேதி' மக்களிடம் பேசும்போது இருக்கட்டும். படிவத்தில் வயிற்றுப்போக்கு என்றே வரட்டும், ஏனென்றால் பேதிக்கு மருந்து சாப்பிட்டவரும் பேதி என்றுதான் சொல்வார்.

ஒன்று மட்டும் பாக்கி. எல்லா இடத்தையும் பார்க்காமல், தேர்ந்தெடுத்த சில மருத்துவமனைகளை மட்டும் ஆழமாகப் பார்க்கும் சென்டினல் முறைக்கு 'தேர்விடக் கண்காணிப்பு' என்று வைத்திருக்கிறேன். எனக்கே அது முழுத் திருப்தி இல்லை. அச்சுக்குப் போவதற்குள் யாரிடமாவது இதைவிட நல்ல சொல் இருந்தால் அனுப்புங்கள்.