குமரிமுனையில் அணைந்துபோகும் விளக்குச் சிற்பம் தேவையா?

முனைவாசி:
மெக்சிகோவில் பிறந்த கலைஞர் ரஃபேல் லொசானோ-ஹெம்மர் 2006இல் 'பல்ஸ் ரூம்' என்று ஒரு விளக்குச் சிற்பம் செய்தார். கூரையிலிருந்து 100 முதல் 300 குண்டு பல்புகள் தொங்கும். அங்குள்ள கருவியைப் பிடித்தால் ஒரு பல்பு நம் நாடித்துடிப்பின் வேகத்தில் மின்னும். கையை எடுத்தால் அந்தத் துடிப்பு அடுத்த பல்புக்கு நகரும். முன்னால் வந்தவர்களின் துடிப்பும் ஒவ்வொரு இடம் தள்ளிப்போகும், கடைசியில் இருப்பது காணாமல் போகும். இதுபோல நம்ம ஊரிலும் வேண்டும். வள்ளுவர் சிலை லேசர் காட்சியை நின்று பார்க்கத்தான் முடிகிறது.

கோட்டாறு வாசகி:
காந்தி மண்டபம் போதாதா? அக்டோபர் 2 நண்பகலில், அஸ்தி வைத்திருந்த இடத்தில் கூரைத் துளை வழியாக வெயில் விழும். கொஞ்ச நேரம்தான், அப்புறம் ஒரு வருடம் காத்திருக்கணும். சித்திரா பௌர்ணமி மாலையில் ஒரு பக்கம் சூரியன் இறங்க, மறுபக்கம் நிலா ஏறும். இதற்கு மேல் பல்பு எதற்கு?

முனைவாசி:
அக்கா, அந்த வெயில் நான் வராவிட்டாலும் விழும். இங்கே என் துடிப்பு இல்லாமல் பல்பு எரியாது. அடுத்தவர் கை வைத்தால் நான் நகர்ந்தே ஆகணும். இதை எந்த அஸ்தமனமும் எனக்குச் சொல்லித் தராது.

முட்டத்துக்காரன்:
2017 ஒக்கி புயலில் கடலுக்குப் போன எங்க ஆட்கள் பலர் திரும்பவே இல்லை. ஒரு துடிப்பு வரிசையிலிருந்து விழுவதை டிக்கெட் எடுத்து ரசிக்க எங்களால் முடியாது. எங்களுக்கு விளக்கு என்றால் கலங்கரை விளக்கம். அது அணையவே கூடாது.

கோட்டாறு வாசகி:
இதைத்தான் என்னால் சொல்ல முடியவில்லை. நன்றி தம்பி.

வயரிங் வேலைக்காரன்:
முட்டத்து அண்ணனின் வலிக்கு என்னிடம் பதில் இல்லை. வேலை தெரிந்தவனாக ஒன்று சொல்கிறேன். செய்வதானால் எல்இடி வேண்டாம். அது சட்டென்று அணையும். குண்டு பல்பில் டங்ஸ்டன் இழை சூடாறும்வரை வெளிச்சம் மங்கி மங்கித்தான் போகும், கண்ணுக்கே தெரியும். கனடாவின் கால்கரியில் 2012இல் 6,000 பல்புகளால் 'கிளவுட்' என்று ஒரு மேகம் செய்தார்கள். பெரும்பகுதி ஊர்க்காரர்கள் கொடுத்த ஃபியூஸ் போன பல்புகள். சங்கிலியை இழுத்தால் நல்ல பல்புகள் எரியும், அணையும். அதுதான் நமக்குத் தோது.

முனைவாசி:
ஃபியூஸ் போன பல்பை முட்டத்து வீடுகளிலிருந்தும் வாங்கலாமே?

முட்டத்துக்காரன்:
கேட்டால் தருவார்கள். ஆனால் கடற்கரையில் வைக்காதீர்கள். பங்குனி ஆமைக் குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துக் கடலை விட்டு ரோட்டுப் பக்கம் ஏறிவிடும். நாகர்கோவிலில் ஏதாவது அறைக்குள் வையுங்கள். நான் வரமாட்டேன்.